எட்டாக மடித்த விடைத்தாள்

மூன்று மாதங்களாகத் தீராத வயிற்றுவலி என்று பதினைந்து வயது மாணவி ஒருவரைப் பெற்றோர் என்னிடம் அழைத்து வந்தனர். (அடையாளங்களை மாற்றியே எழுதுகிறேன்.) ஸ்கேன், இரத்தப் பரிசோதனை எதிலும் குறை தென்படாததால்தான், கடைசியாக மனநல மருத்துவரிடம் அனுப்பியிருந்தார்கள். விடுமுறை நாட்களில் வலி வருவதில்லை என்பதைத் தாயார் பேச்சுவாக்கில் சொன்னார். பெற்றோரை வெளியே அமரச் சொல்லிவிட்டுக் காத்திருந்தேன். நெடுநேரம் பையின் வாரைத் திருகிக்கொண்டிருந்த அந்தப் பெண், பையின் அடியிலிருந்து எட்டாக மடித்த கணித விடைத்தாள் ஒன்றை எடுத்து நீட்டினார். மதிப்பெண் 61.

“அம்மா திட்டமாட்டாங்க டாக்டர். ஒண்ணும் சொல்லாம சமையலறைக்குப் போயிடுவாங்க. அதுதான் தாங்க முடியல.”

இந்த வலியை நடிப்பென்று பலர் எண்ணுகிறார்கள். அது உண்மையான வலி. மூளைக்கும் குடலுக்கும் இடையே நரம்புகள் வழியாகவும் ஹார்மோன்கள் வழியாகவும் இடையறாத தொடர்பு இருப்பதால், சொல்ல முடியாத அச்சம் வயிற்றில் வலியாகவே உணரப்படும். அதேபோல், வளரிளம் பருவத்தினரின் மனச்சோர்வு சோகமாக மட்டுமல்லாமல் எரிச்சலாகவும் வெளிப்படுவதால், வீட்டில் அதற்குத் ‘திமிர்’ என்று பெயர் வைத்துவிடுகிறோம். எரிச்சல், தூக்கமின்மை, பிடித்தவற்றில் நாட்டமின்மை ஆகியவை இரண்டு வாரங்களுக்கு மேல் நீடித்தால், கண்டிப்பதை நிறுத்திவிட்டு மருத்துவரையோ உளவியல் ஆலோசகரையோ நாட வேண்டும்.

அழுத்தம் கொடுத்தால்தான் படிப்பார்கள் என்ற வாதத்தை நான் அடிக்கடி கேட்கிறேன். 1908ஆம் ஆண்டில் யெர்க்ஸ், டாட்சன் ஆகிய உளவியலாளர்கள் இருவர் சுண்டெலிகளைக் கொண்டு செய்த ஆய்விலேயே, கடினமான பணியைக் கற்க மிதமான தூண்டுதலே உதவுகிறது என்பதும், அது அளவு மீறினால் கற்றல் பின்தங்குகிறது என்பதும் தெரியவந்தன. பயந்த மனத்தில் பாடம் நிற்பதில்லை. தூக்கத்தைக் குறைத்துப் படிக்க வைப்பதும் அப்படித்தான்: படித்தது நினைவில் பதிவதே தூக்கத்தில் என்பதால், 13 முதல் 18 வயது வரையிலானோருக்கு நாளொன்றுக்கு 8 முதல் 10 மணி நேரத் தூக்கம் தேவை.

ஆனாலும், என் அனுபவத்தில் பிள்ளைகளை அதிகம் வருத்துவது படிப்பின் சுமையைவிட, மதிப்பெண் குறைந்தால் வீட்டில் தன் இடமும் குறைந்துவிடும் என்ற எண்ணமே. 95 வாங்கி வந்த பிள்ளையிடம் “மீதி அஞ்சு எங்கே போச்சு?” என்று கேட்பவர் அதைச் செல்லமாகவே கேட்கக்கூடும், பிள்ளைக்கு அது செல்லமாகக் கேட்பதில்லை. விடைத்தாளை மறைப்பதும் மதிப்பெண்ணைக் கூட்டிச் சொல்வதும் எனக்கு ஒழுக்கக்கேடாகத் தெரியவில்லை. கெட்ட செய்தியை இந்த வீட்டில் சொல்ல முடியாது என்று பிள்ளை முடிவு கட்டிவிட்டதன் முதல் அடையாளம் அது.

அந்த முடிவு எவ்வளவு ஆபத்தானது என்பதை அழுத்திச் சொல்கிறேன். உலக சுகாதார நிறுவனத்தின் 2021ஆம் ஆண்டுக் கணக்கின்படி, 15 முதல் 29 வயது வரையிலானோரின் இறப்புக்கான காரணங்களில் தற்கொலை மூன்றாவது இடத்தில் உள்ளது. “நான் இல்லாமலிருந்தால் உங்களுக்கு நிம்மதி” என்பது போன்ற பேச்சு வந்தால், “சாக வேண்டும் என்று தோன்றுகிறதா?” என்று நேராகவே கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் விதைக்கப்படுவதில்லை. ஆம் என்று பதில் வந்தால், பிள்ளையைத் தனியே விடாமல் அன்றே மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள்.

மூன்றாவது சந்திப்பில், மகளின் எதிரிலேயே தாயார் சொன்னார்: தான் சமையலறைக்குப் போனது கோபத்தால் அல்ல, தன் கண்ணீரை மகள் பார்த்துவிடக் கூடாதே என்று. மகளுக்கு அது அதுவரை தெரியாது. வலி முழுமையாக நிற்க நான்கு மாதங்கள் ஆயின. அதற்கிடையே வந்த தேர்வில் அவர் 58தான் வாங்கினார். அந்த விடைத்தாளை அன்று மாலையே வீட்டில் காட்டியதாகச் சொன்னார்.