தேதி நெடுவரிசைக்கு வடிவம் என்று ஒன்று கிடையாது

மாதத்தின் முதல் 12 நாள்கள் சிக்கலின்றி ஓடிய செயலி 13ஆம் தேதி பிழைச் செய்தியோடு நின்றுவிட்டது என்று ஒருவர் சொன்னால், நிரலைத் திறக்காமலேயே காரணத்தைச் சொல்லிவிடலாம். அப்படியொரு புகார் இந்த வாரமும் வந்தது. வந்தவர்கள் 13ஆம் தேதியின் பிழையை நீக்கித் தரும்படி கேட்டார்களே தவிர, அதற்கு முன் சத்தமில்லாமல் தவறாகப் பதிவான வரிகளை ஒருவரும் பார்த்திருக்கவில்லை. மார்ச் 5 என்ற பொருளில் செயலி '05/03/2024' என்று அனுப்பியிருக்கிறது; மாதத்தை முதலில் வாசிக்கும் அமைப்பில் இருந்த சர்வர் அதை மே 3 என்று பதிந்திருக்கிறது; 13 என்ற மாதம் இல்லாததால்தான் 13ஆம் தேதி பிழை வந்தது. நாளும் மாதமும் ஒரே எண்ணாக வரும் 12 தேதிகளைத் தள்ளிவிட்டாலும், ஓர் ஆண்டில் 132 தேதிகள் இவ்வாறு வேறொரு சரியான தேதியாக மாறிவிடக்கூடியவை.

இங்கே என்னைப் பெரிதும் சலிப்படையச் செய்வது, "உங்கள் டேட்டாபேஸில் தேதி எந்த ஃபார்மட்டில் இருக்கிறது?" என்ற கேள்விதான். டேட்டாபேஸ் அட்டவணையில் தேதி வகையாக அமைத்த நெடுவரிசையில் எந்த வடிவமும் இல்லை. போஸ்ட்கிரஸ் என்ற டேட்டாபேஸ் மென்பொருள் ஒரு நேர முத்திரையை, அதாவது தேதியும் நேரமும் சேர்ந்த மதிப்பை, 2000 ஜனவரி 1 முதல் எண்ணிய மைக்ரோவினாடிகளாக, 8 பைட் முழு எண்ணில் வைக்கிறது. ஆரக்கிளின் டேட் வகை நூற்றாண்டு முதல் வினாடி வரை 7 பைட்களில் அடங்கிவிடுகிறது. கோடுகளும் சாய்கோடுகளும் அவற்றுள் எங்கும் கிடையாது. நீங்கள் திரையில் காணும் வடிவம், அந்த மதிப்பை எழுத்தாக மாற்றிக் காட்டும் கருவி அந்த நொடியில் உண்டாக்கியது. ஆகவே நெடுவரிசையின் வடிவத்தை மாற்றித் தருமாறு கேட்பதும், அதற்காகவே அதை எழுத்து வகையாக மாற்றிவிடுவதும் இல்லாத நோய்க்கு மருந்து கொடுப்பதாகும். இரண்டாவது காரியத்தைச் செய்தவர்களின் அட்டவணையில் வரிசைப்படுத்தலும் கெடும், பிப்ரவரி 30ஆம் தேதியும் தடையின்றி நுழையும்.

ஆண்டு, மாதம், நாள் என்ற வரிசையில் எழுதிவிட்டால் எங்கும் பாதுகாப்பு என்று நம்புவோரும் உண்டு. எஸ்கியூஎல் சர்வரின் பழைய டேட்டைம் வகையில் அதுவும் உறுதியில்லை. நாளை முதலில் வாசிக்கும் மொழி அமைப்பில் '2024-03-05' என்பதே மே 3 ஆகிவிடும். கோடுகள் இல்லாத '20240305' மட்டும் எந்த மொழி அமைப்பிலும் மாறாது. இந்த வேறுபாடுகளையெல்லாம் மனப்பாடம் செய்ய வேண்டிய தேவையே உங்களுக்கு இல்லை. தேதியை எழுத்தாக்கி, டேட்டாபேஸுக்கு அனுப்பும் வினவலில் ஒட்டாதீர்கள். வினவலிலிருந்து தனியே அனுப்பும் பாராமீட்டராக, தேதி வகையிலேயே, செயலியை டேட்டாபேஸோடு இணைக்கும் டிரைவரிடம் கொடுங்கள். ஜாவாவில், டேட்டாபேஸ் இணைப்புக்கான ஜேடிபிசி முறையின் 4.2 பதிப்பு முதல் புதிய காலவகைப் பொருள்களை நேரடியாகவே கொடுக்கலாம்.

அதற்குப் பிறகும் எஞ்சியிருப்பது நேர மண்டலம். மைஎஸ்கியூஎல்லில் டைம்ஸ்டாம்ப் வகை, அமர்வின் (செயலி டேட்டாபேஸோடு வைத்திருக்கும் இணைப்பின்) மண்டலத்திலிருந்து யுடிசி என்ற உலகப் பொது நேரத்துக்கு மாற்றிச் சேமிக்கப்பட்டு, வாசிக்கும்போது மீண்டும் மாற்றப்படுகிறது. டேட்டைம் வகையைச் சர்வர் தொடுவதில்லை. போஸ்ட்கிரஸில் மண்டலம் உடைய வகை என்று பெயர் இருந்தாலும், நீங்கள் அனுப்பிய மண்டலம் சேமிக்கப்படுவதில்லை, அந்தக் கணம் மட்டுமே சேமிக்கப்படுகிறது. பிறந்த தேதி ஒரு நாள் பின்னால் போகும் புகாருக்கும் இங்கேதான் வேர் இருக்கிறது. நோட்-போஸ்ட்கிரஸ் டிரைவர் வெறும் தேதியை உள்ளூர் நள்ளிரவாக எடுத்துக்கொள்கிறது. யுடிசிக்கு 3 மணி நேரம் முன்னால் இருக்கும் சர்வரில் அதை ஜேசன் என்ற தரவுப் பரிமாற்ற எழுத்து வடிவமாக மாற்றினால், முந்தைய நாள் 21:00 என்று வெளியே வரும். நேரமே இல்லாத தேதிக்கு நேர மண்டலம் எதற்கு என்று அந்த இடத்தில் ஒருவர் கேட்டிருந்தாலே போதும்.

நாளின் இறுதியை 23:59:59.999 என்று எழுதும் வழக்கத்தையும் தயவுசெய்து விட்டுவிடுங்கள். எஸ்கியூஎல் சர்வரின் டேட்டைம் ஒரு வினாடியின் 300இல் ஒரு பங்குவரைதான் பிரித்தறியும் என்பதால், அது மறுநாள் நள்ளிரவாக முழுமையாக்கப்படும். பின்ன வினாடிக்கு இடம் ஒதுக்காத மைஎஸ்கியூஎல் நெடுவரிசையில் சேமித்தாலும் இயல்பாக அதுவே நடக்கும். தொடக்க நாளுக்குச் சமம் அல்லது மேல், மறுநாளுக்குக் கீழ் என்று நிபந்தனையை எழுதுங்கள்.

ஏற்கெனவே கெட்டுப்போன தரவை, நாளையும் மாதத்தையும் ஒரே கட்டளையில் இடம் மாற்றிச் சரிசெய்ய முயலாதீர்கள். வேறு வழியாகச் சரியாகப் பதிவான வரிகளும் அதில் கெடும். ஒவ்வொரு வரியும் எந்தச் செயலியின் வழியே வந்தது என்பதையும், சர்வரே பதிந்த உருவாக்க நேரத்தையும் வைத்துப் பிரித்த பிறகே கை வையுங்கள். உதவி கேட்டு வருபவர்கள் திரைப்பிடிப்பை (ஸ்கிரீன்ஷாட்) மட்டும் அனுப்பாமல், நெடுவரிசையின் வகை, டிரைவரின் பதிப்பு, அமர்வின் நேர மண்டலம், மொழி அமைப்பு ஆகியவற்றையும் சேர்த்து அனுப்பினால், முதல் நாள் முழுவதும் கேள்வி கேட்பதிலேயே கழியாது.