சுணையொழுங்கு

சிங்கப்பூரின் ஈசூனில் எங்கள் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடி வீட்டு வாசலில் ஒரு கறிவேப்பிலைத் தொட்டி இருக்கிறது. எலுமிச்சை வண்ணத்துப்பூச்சி அதில்தான் முட்டையிடும். சென்ற மாதம் ஒரு கூட்டுப்புழுவைத் துளைத்துக்கொண்டு வெள்ளைப் புழு ஒன்று வெளியே வந்தது. சில நாள் கழித்து அது சாம்பல் நிற ஈயானது. நெஞ்சின் முதுகுப்புறப் பின்முனையில், கேடயம் போன்ற தகட்டுக்கு அடியில், சிறு புடைப்பு தெரிந்தது. அது டாக்கினிட் குடும்பத்தின் அடையாளம். கம்பளிப்புழு முதலிய பூச்சிகளுக்குள் வளர்ந்து அவற்றையே தின்று கொல்லும் ஈக்கள். குடும்பம் தெரிந்துவிட்டது. இனத்தைக் கண்டறிய முயன்றபோதுதான், உடல்மயிர்களின் ஒழுங்கைக் கொண்டு பூச்சியை இனங்காணும் முறையான 'கீட்டோடாக்சி' என்ற சொல் குறுக்கே வந்தது.

கிரேக்கத்தில் 'கைட்டே' என்றால் நீண்ட மயிர், பிடரி மயிர். 'டாக்சிஸ்' என்றால் ஒழுங்கு. ரஷ்ய அரசதந்திரியாகவும் ஈ ஆய்வாளராகவும் இருந்த ஓஸ்டன் சாக்கன் 1880களில் இம்முறையை வகுத்தார். ஈயின் உடலில் விறைத்து நிற்கும் பெரிய மயிர்கள் கண்டபடி முளைப்பதில்லை. ஒவ்வொன்றுக்கும் இடம் உண்டு, வரிசை உண்டு. நெஞ்சின் மேற்புறத்தைக் குறுக்கே வெட்டும் கோட்டுக்குப் பின்னால் ஒரு வரிசையில் மூன்றா, நான்கா என்று எண்ணுவார்கள். பார்வைக்கு ஒன்றுபோலிருக்கும் இரண்டு ஈக்கள் அந்த எண்ணிக்கையில் பிரிந்துவிடுவதுண்டு. அதுவும் போதாதபோது ஆணின் இனப்பெருக்க உறுப்பைப் பார்ப்பார்கள்.

தமிழில் இதை 'மயிரமைப்பு' என்றால் உடலெங்கும் பரவிய மென்மயிரும் அதில் சேர்ந்துவிடும். 'முள்' என்பதும் சரியில்லை. முள் உடலோடு ஒன்றாக வளர்ந்தது, இதுவோ தனிக் குழியில் பொருந்தி நிற்பது. நம்மிடம் 'சுணை' இருக்கிறது. மூங்கிலிலும் புல்லிலும் கையை அரிக்கும் நுண்முள்ளைச் சுணை என்கிறோம். அச்சொல்லுக்கு உணர்ச்சி என்றும் பொருள். 'சுணை கெட்டவன்' என்று திட்டுவது அதனால்தான். ஈயின் சுணைக்கு அடியில் நரம்பணு இருக்கிறது; காற்று அசைந்தாலும் தொட்டாலும் அதன்வழியே ஈ உணர்கிறது. இரண்டு பொருளும் ஓரிடத்தில் கூடும் இப்படியொரு சொல் கிரேக்கத்துக்கு வாய்க்கவில்லை என்பது என் எண்ணம். ஆகவே 'சுணையொழுங்கு' என்றே எழுதுகிறேன்.

ஈயைப் பாதுகாத்து வைக்க ஊசி குத்தும்போது நெஞ்சின் நடுக்கோட்டுக்குச் சற்று வலமாகக் குத்த வேண்டும்; ஒரு பக்கத்துச் சுணைகளாவது சிதையாமல் கிடைக்கும். என் ஈக்கு இடப்பக்கம் மூன்றுதான் எண்ணினேன். உருப்பெருக்கியைச் சாய்த்துப் பிடித்தபோது நான்காவதன் குழி தெரிந்தது. சுணை உதிர்ந்திருந்தது.