பாப்வா சேவ்கோலம்: தலைகீழ்ப் பிடியில் பந்து எப்படி நேராகப் போனது?

தென்னாப்பிரிக்காவின் டர்பனில் ரிசர்வாயர் ஹில்ஸ் சரிவுக்குக் கீழே, உம்கேனி ஆற்றை ஒட்டி நகராட்சியின் கோல்ஃப் மைதானம் ஒன்று இருக்கிறது. பெயர் பாப்வா சேவ்கோலம். தினமும் அந்த வழியாகப் போகும் நம் பிள்ளைகளில் பலருக்கு அது வெறும் பெயர்ப்பலகை. அந்தப் பெயருக்கு உரியவரோ 1959, 1960, 1964 ஆகிய மூன்று ஆண்டுகளில் டச்சு ஓப்பன் பட்டத்தை வென்றவர். 1963இலும் 1965இலும் நேட்டால் ஓப்பனை வென்றார். 1965இல் அவரிடம் தோற்றவர்களில் ஒருவர் கேரி பிளேயர். அதே ஆண்டில்தான் பிளேயர் அமெரிக்க ஓப்பனை வென்று, உலகின் நான்கு பெரும் பட்டங்களையும் எடுத்தவர் ஆனார்.

பாப்வா தமிழர் அல்லர். ஆனால் டர்பனின் சாட்ஸ்வொர்த்திலும் மெரிபேங்கிலும் தமிழ்ப் பெரியவர்கள் அவரை நம்ம பாப்வா என்றுதான் சொல்வார்கள். அந்தக் காலத்தில் இந்தியப் பையன்கள் வெள்ளையர் கிளப்புகளில் கேடியாகப் பை தூக்கலாம், உறுப்பினராக முடியாது. பாப்வாவும் பீச்வுட் கிளப்பில் கேடியாக இருந்தவர்தான். யாரும் சொல்லிக்கொடுக்காமல் தானாகக் கற்ற ஆட்டம் என்பதால் அவருடைய பிடி எல்லாரையும் போல இல்லை.

வலக்கைக்காரர் கோல்ஃப் மட்டையை, அதாவது கிளப்பைப் பிடிக்கும்போது இடக்கை மேலே, வலக்கை கீழே இருக்கும். பாப்வாவும் வலக்கைக்காரர் போலவேதான் நின்றார், அதே பக்கம்தான் அடித்தார். ஆனால் கைகள் மட்டும் இடம் மாறியிருந்தன: வலக்கை மேலே, இடக்கை கீழே. அவரைப் பற்றி எழுதியவர்கள் பலர் ‘தவறான பிடியிலும் வென்றவர்’ என்றே எழுதினார்கள். அந்த ‘தவறான’ என்ற சொல்லை நான் ஏற்கமாட்டேன். இயற்பியலில் அதற்கு ஆதாரம் இல்லை.

முதலில் பந்தைப் பார்ப்போம். கோல்ஃப் பந்தின் எடை 45.93 கிராமுக்கு மேல் போகக் கூடாது, விட்டம் 42.67 மில்லிமீட்டருக்குக் குறையக் கூடாது. நீள அடிக்கான டிரைவர் கிளப்பின் தலை ஏறக்குறைய 200 கிராம். நல்ல தொழில்முறை ஆட்டக்காரரின் கையில் அது விநாடிக்கு 50 மீட்டர் வேகத்தில் வந்து மோதும். மோதல் நீடிப்பது அரை மில்லி விநாடிக்கும் சற்றுக் குறைவு. அதற்குள் பந்து நசுங்கி, மீண்டு, விநாடிக்கு 75 மீட்டர் வேகத்தில் கிளம்பிவிடும். கணக்குப் போட்டால் அந்த நேரத்தில் பந்தின் மீது விழும் சராசரி விசை முக்கால் டன் எடைக்குச் சமம்.

அடி பட்ட உணர்வு கையிலிருந்து நரம்பு வழியாக மூளைக்குப் போய்ச் சேரக் குறைந்தது 20 மில்லி விநாடியாவது ஆகும். அதற்குள் பந்து ஒன்றரை மீட்டர் தள்ளிப் போயிருக்கும். மோதும் நேரத்தில் கையால் எதையும் திருத்த முடியாது. இன்னும் சொல்லப்போனால், அந்த அரை மில்லி விநாடியில் கிளப்பின் தலை, தண்டோடு சேராத தனிப் பொருள் போலவே நடந்துகொள்கிறது. வளையக்கூடிய நீளமான தண்டு வழியாகக் கைகளின் தள்ளல் தலைக்கு வந்து சேர நேரமே இல்லை.

அப்படியானால் பந்தின் போக்கைத் தீர்மானிப்பவை சில விஷயங்கள்தான். தலை எவ்வளவு வேகமாக வந்தது, எந்தப் பாதையில் வந்தது, தலையில் பந்து படும் பரப்பான முகம் எந்தப் பக்கம் திரும்பியிருந்தது, எவ்வளவு சாய்ந்திருந்தது, பந்து முகத்தில் எங்கே பட்டது. மேலே இருந்தது இடக்கையா வலக்கையா என்பது இந்தப் பட்டியலில் இல்லை. பிடியின் வேலை மோதலுக்கு முன்பே முடிந்துவிடுகிறது. முகத்தைச் சரியான கோணத்தில் கொண்டுவந்து சேர்ப்பதுதான் அந்த வேலை. அது சுலபமும் இல்லை: முகம் ஒரே ஒரு பாகை விலகினால், 230 மீட்டர் தூரத்தில் திசை மட்டுமே 4 மீட்டர் தவறும். காற்றில் பந்து வளைவது தனி.

வேகம் எப்படி வருகிறது? தோளும் கையும் மேல் ஊசல், கிளப் கீழ் ஊசல், நடுவில் கீல் போல மணிக்கட்டு. கையை இறக்கத் தொடங்கும்போது மணிக்கட்டு மடிந்தே இருக்கும். பாதி வழிக்கு மேல் வந்ததும் கிளப் வெளிநோக்கி விரியத் தொடங்கும். அது விரிய விரியக் கைகளின் வேகம் குறையும். கைகள் இழந்த ஆற்றல் கிளப்பின் தலைக்குப் போய்ச் சேரும். நேட்டால் கரும்புத் தோட்டத்தில் கத்தி பிடித்த நம் முன்னோர்களுக்கு இது பழக்கமான வித்தை: தோளிலிருந்து இறக்கி, கடைசியில் மணிக்கட்டைச் சுண்டினால்தான் கரும்பு ஒரே வெட்டில் விழும். முழு வேகத்தில் சுழலும் அந்த 200 கிராம் தலை, கையைப் பிய்த்துக்கொண்டு போகப் பார்க்கும். அதைப் பிடித்து நிறுத்த ஏறக்குறைய 40 கிலோ எடையைத் தூக்கும் அளவு இழுவிசை வேண்டும். இரண்டு கைகளும் சேர்ந்து தாங்குவது அதைத்தான்.

சரி, கைகளை மாற்றினால் என்ன ஆகும்?

நஷ்டத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். பின்னோக்கி ஓங்கும்போது இலக்குப் பக்கம் இருக்கும் இடக்கை கிளப்பில் கீழே இருப்பதால், அது உடம்பைக் கடந்து அதிக தூரம் நீள வேண்டும். தோள் திருப்பமும் மணிக்கட்டின் மடிப்பும் குறுகும். வீச்சின் வளைவு சிறிதாகும். வேகம் சேர்க்கக் கிடைக்கும் தூரமும் குறையும். பயிற்சியாளர்கள் இந்தப் பிடியைத் தவிர்க்கச் சொல்வதற்கு இது நியாயமான காரணம்.

லாபம் மணிக்கட்டில் இருக்கிறது. மைதானத்தில் பழைய கேடி ஒருவர் ஒருநாள் என் கையில் பந்தைக் குறைந்த தூரத்துக்கு உயர்த்தி அடிக்கும் வெட்ஜ் கிளப்பைக் கொடுத்து, “பாப்வா மாதிரி பிடிச்சுப் பாரு தம்பி, மணிக்கட்டு மடியாது” என்றார். பிடித்துப் பார்த்தால் உடனே புரிகிறது. வழக்கமான பிடியில் கீழே இருக்கும் வலது உள்ளங்கை, பின்னாலிருந்து தண்டைத் தள்ளும். கொஞ்சம் அதிகமாகத் தள்ளிவிட்டால் இடது மணிக்கட்டு பின்பக்கம் மடங்கி, கிளப்பின் தலை கைகளை முந்திவிடும். முகத்தின் சாய்வு மாறிவிடும். பந்தின் தலையில் பட்டு உருண்டு ஓடும், அல்லது தரையில் மண் பறக்கும். இடக்கை கீழே இருந்தால் அப்படித் தள்ள உள்ளங்கை அங்கே இல்லை. இடக்கையும் தண்டும் ஏறக்குறைய ஒரே கோட்டில் நிற்கும். முகம் அதிகம் திரும்பாமல் நீண்ட நேரம் இலக்கைப் பார்த்தபடியே நகரும். தோள்களும் சமமாக இருக்கும்.

குறைந்த வேகத்தில், துல்லியம் மட்டுமே வேண்டிய அடிகளுக்கு இது அருமையான ஏற்பாடு. முழு வீச்சில் வரும் நஷ்டத்தை பாப்வா சிறுவயதிலிருந்தே அதே பிடியில் அடித்து அடித்து ஈடுகட்டினார். மூளையின் பின்புறம் இருக்கும் சிறுமூளை, ஒவ்வொரு தவறையும் பார்த்து அடுத்த அசைவைத் திருத்தும். பாடப்புத்தகப் பிடி எது என்பது அதற்குத் தெரியாது. பந்து எங்கே போனது என்பதுதான் அதற்கு வேண்டும்.

கிளம்பிய பந்துக்கு அப்புறம் காற்றோடுதான் வேலை. பின்சுழற்சி அதைத் தூக்கும், மேற்பரப்பில் உள்ள நூற்றுக்கணக்கான குழிகள் எதிர்ப்பைப் பாதியாகக் குறைக்கும். டர்பன் கடல் மட்டத்தில் இருப்பதால் இங்கே காற்று அடர்த்தி அதிகம். 1,750 மீட்டர் உயரத்தில் இருக்கும் ஜோஹன்னஸ்பர்க்கில் அதே அடி கணிசமாகக் கூடுதல் தூரம் போகும். டர்பனின் ஈரப்பதம் பந்தை இழுக்கிறது என்று பலர் சொல்வார்கள். உண்மையில் நீராவியின் மூலக்கூறு காற்றின் மற்ற மூலக்கூறுகளைவிட லேசானது. ஈரக்காற்று உலர்காற்றைவிட ஒரு துளி லேசாகத்தான் இருக்கும். இழுப்பது கடல்காற்று. அதில் வளர்ந்தவருக்கு ஹாலந்தின் கடற்கரைக் காற்று பழகியதாகவே இருந்திருக்கும் என்பது என் எண்ணம்.

1959இல் அவரை ஐரோப்பாவுக்கு அழைத்துப் போனவர் கிரஹாம் வுல்ஃப், டர்பனில் ‘ஆயில் ஆஃப் ஓலே’ கிரீமை உருவாக்கிய வேதியியலாளர். 1963இல் நேட்டால் ஓப்பனை வென்றபோது மற்ற ஆட்டக்காரர்கள் கிளப் கட்டடத்துக்குள் இருந்தார்கள். இந்தியர் உள்ளே வரக் கூடாது என்பதால் பாப்வா வெளியே மழையில் நின்று கோப்பையை வாங்கினார். அந்தப் படம் உலகமெங்கும் போனது. 1965 வெற்றிக்குப் பிறகு உள்நாட்டுப் பெரிய போட்டிகளில் ஆட அனுமதி மறுத்தார்கள், பாஸ்போர்ட்டையும் கொடுக்கவில்லை. 1978இல் இறந்தார். இன்று ராடார் கருவி ஒன்றை வைத்தால் கிளப் முகத்தின் கோணத்தைப் பாகையின் பின்னம் வரை சொல்லிவிடும். அவருடைய வீச்சை அப்படி அளந்து பார்க்கும் வாய்ப்பு யாருக்கும் கிடைக்கவில்லையே என்பது எனக்குப் பெரிய வருத்தம்.

இந்தப் பிடி இன்று மேல்மட்ட ஆட்டத்திலேயே இருக்கிறது. பந்தைக் குழிக்குள் உருட்டும் அடியான பட்டிங்கில் ஜோர்டன் ஸ்பீத் இடக்கையைக் கீழே வைத்துப் பிடிப்பவர். 2022 அமெரிக்க ஓப்பனை வென்ற இங்கிலாந்தின் மேத்யூ ஃபிட்ஸ்பாட்ரிக், குழி இருக்கும் குட்டைப்புல் தரையான கிரீனுக்குப் பக்கத்திலிருந்து அடிக்கும் சின்னச் சிப் அடிகளை இப்படித்தான் அடிக்கிறார். பிள்ளைகளை உம்கேனிக்கரை மைதானத்துக்கு அழைத்துப் போகிறவர்கள், கிரீனிலிருந்து 20 மீட்டர் தள்ளி நிற்கவைத்து, வெட்ஜில் இடக்கையைக் கீழே மாற்றிப் பத்துப் பந்து அடிக்கச் சொல்லுங்கள். கைகள் கிளப்பின் தலையை முந்தி வருகின்றனவா என்று மட்டும் பாருங்கள்.