கலுங்கில் அடுக்கிய மணல் மூட்டைகள்

மேலூர் வட்டாரத்தில் கண்மாய்ச் சீரமைப்புப் பணியில் இருக்கும் எனக்கு, மண் வெட்டும் இயந்திரத்தை ஏற்பாடு செய்வதைவிட, ஒரே கண்மாயை நம்பியிருப்பவர்களை ஓரிடத்தில் உட்காரவைப்பதே கடினமாக இருந்துவருகிறது. கண்மாய் நீர் பாயும் நிலப்பரப்பான ஆயக்கட்டு 40 ஹெக்டேருக்கு மேல் இருந்தால் கண்மாய் நீர்வளத்துறையின் பொறுப்பு. குறைந்தால் ஊராட்சி ஒன்றியத்தின் பொறுப்பு. நீர் தேங்கும் உட்பகுதியான உள்வாயில் சமூகக் காடுகள் திட்டத்தில் வளர்த்த கருவேல மரங்களுக்கு வனத்துறையையும், வண்டல் அள்ளுவதற்கு வட்டாட்சியரையும் அணுக வேண்டும். ஓர் அலுவலகத்தின் முடிவு மற்றொன்றுக்குத் தெரியவருவதற்குள் மழை வந்துவிடும்.

என் தவறு ஒன்றைச் சொல்கிறேன். சில ஆண்டுகளுக்கு முன் ஓர் ஊரில் பாசனச் சங்கத்தாரைக் கூட்டி, கரையைப் பலப்படுத்தத் தீர்மானம் எழுதி, அனைவரிடமும் கையெழுத்து வாங்கினோம். கரை உயர்ந்த தெம்பில், ஐப்பசி மழைக்குப் பின் அவர்கள், நிரம்பிய நீர் வழிந்தோடும் கலுங்கின்மேல் மணல் மூட்டைகளை அடுக்கிக் கூடுதலாக நீரைத் தேக்கினார்கள். ஒரு கண்மாயின் கலுங்கில் வழியும் மறுகால் நீர்தான் அடுத்த கண்மாயின் வரத்து என்பதால், கீழே இருந்த ஊரின் கண்மாய் பாதிகூட நிரம்பவில்லை. மேலே உள்வாயை ஒட்டிய பட்டா நிலங்களிலோ நட்ட பயிர் மூழ்கியது. இந்த இரு தரப்பாரில் ஒருவரையும் நான் அழைத்திருக்கவில்லை. 2000-ஆம் ஆண்டின் பாசன மேலாண்மைச் சட்டப்படி அமையும் சங்கங்கள் ஆயக்கட்டில் நிலமுள்ளவர்களை மையமாகக் கொண்டவை. அந்தப் பட்டியலை மட்டும் பார்த்து அழைத்தால் இப்படித்தான் நேரும். மடை திறக்கும் நீர்பாய்ச்சியின் பெயர்கூடப் பெரும்பாலும் அதில் இருப்பதில்லை. கலுங்கில் எந்தக் கல் வரை நீர் நின்றால் யார் வயல் மூழ்கும் என்பது அவருக்குத்தான் அத்துபடி.

அதற்குப் பிறகு கூட்டத்தை நாங்கள் அறைக்குள் நடத்துவதில்லை. ஆடியில், வறண்டு கிடக்கும் கலுங்கின்மேல் நின்று மூன்று தரப்பாரும் பேசி, நீர் தேக்கும் எல்லைக்குச் சுவரில் வண்ணக்கோடு போடுகிறோம். தாளில் ‘முழு நீர்மட்டம்’ என்று வாசித்தபோது தலையாட்டியவர்கள், கோட்டைக் கண்ணால் பார்த்த பிறகே சண்டைக்கு வந்தார்கள். அந்தச் சண்டை கண்மாய் நிரம்பும் முன்பே நடந்ததில் எனக்கு மகிழ்ச்சிதான்.

மீன்பாசிக் குத்தகைச் சிக்கல் மட்டும் இன்னும் தீரவில்லை. மீன் பிடிப்பதற்காகக் குத்தகைதாரர் நீரை வடிக்க முனையும்போது, தாமதமாக நட்ட பின்பட்டத்து நெல் கடைசித் தண்ணீருக்குக் காத்திருக்கும்; ஆடுமாடுகளுக்கோ கோடை முழுவதும் குடிநீர் வேண்டும். எந்த அளவுக்குக் கீழே நீரை வடிக்கக் கூடாது என்பதை வரும் ஏலத்தில் நிபந்தனையாகச் சேர்க்கக் கேட்டிருக்கிறோம். அந்த அளவைக் காட்டும் கல்லை மடைக்கு அருகில் எங்கே நடுவது என்று நீர்பாய்ச்சியும் குத்தகைதாரரும் இன்னும் பேசிக்கொண்டிருக்கிறார்கள்.