டிம்பனோபிளாஸ்டி: காதுக்குள் பிளாஸ்டிக்கா?

காது டாக்டர் ‘டிம்பனோபிளாஸ்டி’ என்று ஓர் அறுவை சிகிச்சையை எழுதிக் கொடுத்ததும், காதுக்குள் பிளாஸ்டிக் எதையோ வைக்கப்போகிறார்கள் என்று பயந்துவிடுகிறவர்கள் உண்டு. கிரேக்கத்தில் ‘டிம்பனோன்’ என்றால் முரசு. பின்பாதி, களிமண்ணைப் பிசைந்து உருக்கொடுப்பதைக் குறிக்கும் வினையிலிருந்து வந்தது. பிளாஸ்டிக்கும் அதே வேரில் முளைத்ததுதான். ஆனால் உள்ளே போவது பெரும்பாலும் நம்முடைய சொந்தச் சவ்வு, அதாவது காதுக்கு மேலே நெற்றிப்பொட்டுத் தசையைப் போர்த்தியிருக்கும் வெள்ளை உறையில் வெட்டியெடுத்த சின்னத் துண்டு.

முரசுக்கு நம்மிடம் ‘செவிப்பறை’ தயாராக இருக்கிறது. ஒரு சிக்கல், உடற்கூறியலில் டிம்பனம் என்பது தோலை மட்டும் அல்ல, அதன் பின்னால் இருக்கும் நடுச்செவிக் குழியையும் குறிக்கும். அதனால் சவ்வில் உள்ள ஓட்டையை மட்டும் மூடினால் ‘மிரிங்கோபிளாஸ்டி’, உள்ளே இறங்கி நடுச்செவியையும் சிற்றெலும்புகளையும் பார்த்துச் சரிசெய்தால் டிம்பனோபிளாஸ்டி. 1950களில் வுல்ஸ்டைன் என்ற ஜெர்மன் காது அறுவை மருத்துவர் டிம்பனோபிளாஸ்டியை ஐந்து வகையாகப் பிரித்தபோது முதல் வகை சவ்வோடு நின்றுவிட்டதால், இரண்டு பெயரும் இன்றுவரை கலந்தே புழங்குகின்றன.

சரி, தமிழில் என்ன சொல்வது? ‘ஓட்டை அடைப்பு’ எனக்குப் பிடிக்கவில்லை. காது அடைப்பு என்றாலே வேறு நோய், அது போக, டாக்டர் ஒன்றையும் அடைப்பதில்லை. செவிப்பறை சுமார் 0.1 மி.மீ. கனம்தான், அதிலும் மூன்று அடுக்கு. அடிபட்டுக் கிழிந்த பறை பெரும்பாலும் சில வாரங்களில் தானே மூடிக்கொள்ளும், ஏனென்றால் அதன் வெளித்தோல் ஓயாமல் ஓரம் நோக்கி நகர்ந்துகொண்டே இருக்கும். நாள்பட்ட ஓட்டையில் அந்தத் தோல் விளிம்பில் மடிந்து உள்சவ்வோடு சேர்ந்துவிடுகிறது, உடம்பும் வேலை முடிந்தது என்று நிறுத்திவிடுகிறது. அதனால்தான் முதலில் விளிம்பைச் சுரண்டிப் பச்சைப்புண் ஆக்குகிறார்கள். அப்புறம் வைக்கிற துண்டு, கட்டடத்துக்குக் கட்டுகிற சாரம் மாதிரிதான். அதன்மேல் தோல் ஊர்ந்து வந்து, விளிம்பிலிருந்து ரத்தக்குழாய் ஏறினால்தான் வெற்றி. சீழ் வடிகிற காது, புகைப்பழக்கம், மூக்கின் பின்பக்கத்துக்கும் நடுச்செவிக்கும் போகிற குழல் சரியாகத் திறக்காதது, எல்லாம் இந்த இடத்தில்தான் காலை வாரும்.

ஆகவே மிரிங்கோபிளாஸ்டிக்கு ‘செவிப்பறை ஒட்டு’, டிம்பனோபிளாஸ்டிக்கு ‘நடுச்செவிச் சீரமைப்பு’ என்பேன். ஒட்டுகிற துண்டு ஒரு டிஷ்யூ. அதைத் ‘திசு’ என்று எழுதுகிறோம், அது ஒலியைக் கடன் வாங்கியது. இலங்கைத் தமிழில் வழங்கும் ‘இழையம்’ பொருளையே பிடித்துவிட்டது, ஏனென்றால் மூலச் சொல்லான பிரெஞ்சு ‘திஸ்யூ’வுக்கு நெய்தது என்றுதான் பொருள். இழையம் குணமாகும் திறனை ‘ஆறுதிறன்’ என்றால் போதும், புண் ஆறுகிறது என்றுதானே பேசுகிறோம். ‘ஒட்டு’ம் அப்படித்தான்: ஒட்டுச் செடி பிடித்ததா என்று கேட்கிற அதே வாய், கட்டுப் பிரித்த பிறகு டாக்டரிடமும் “ஒட்டு பிடிச்சிருச்சா?” என்றே கேட்கும்.