கிளையில் மடை வெட்டும் புல்லுருவி

மேட்டூர் அணையை ஜனவரி 28இல் மூடுவது வழக்கம். அதன்பின் ஆறும் வாய்க்காலும் மணல் தெரியக் கிடக்கும் மாசி, பங்குனி மாதங்களில் கும்பகோணத்திலிருந்து நீடாமங்கலம் வழியாக மன்னார்குடிக்குப் பஸ்ஸில் போனால், ஜன்னலோரம் உட்கார்ந்து சாலையோர மரங்களைக் கவனியுங்கள். வாகை இலை முழுவதையும் உதிர்த்துவிட்டு வெறும் நெற்றுகளைச் சலசலத்துக்கொண்டு நிற்கும். அந்த மொட்டைக் கிளைகளுக்கு நடுவே மட்டும் அடர்ந்த பச்சைக் கொத்து ஒன்று தெரியும். பெரிய குருவிக்கூடு என்றுதான் சிறுவயதில் நினைத்திருந்தேன். ஊரே தண்ணீருக்குத் தவிக்கும் கோடையில் அது ஏன் வாடுவதில்லை என்ற கேள்வி பிறகுதான் வந்தது.

அது புல்லுருவி. யாழ்ப்பாணத்தில் குருவிச்சை என்பார்கள். பெயரில் புல் இருந்தாலும் இது புல் இல்லை. தடித்த இலையும் கட்டையான தண்டும் உள்ள புதர்ச்செடி. புல்லுதல் என்றால் தழுவுதல். கிளையைத் தழுவிக் கிடக்கும் செடிக்கு அந்தப் பொருள்தான் பொருத்தமாகப் படுகிறது. நம் பக்கம் அதிகம் காணப்படும் இனத்தின் அறிவியல் பெயர் டென்ட்ரோப்தே ஃபல்காட்டா. உயிரினங்களுக்கு அறிவியல் பெயரிடும் முறையை வகுத்த லின்னேயஸின் மகன் 18ஆம் நூற்றாண்டில் இதற்கு அரிவாள்போல் வளைந்தது என்ற பொருளில் 'ஃபல்காட்டா'வைச் சூட்டினார். முன்பாதியான 'டென்ட்ரோப்தே' கிரேக்கச் சொற்களால் ஆனது: டென்ட்ரோன் என்றால் மரம், ப்தோயே என்றால் உடலைத் தேய்த்து உருக்கும் காசநோய். மரத்துக்குக் காசநோய்! இந்தச் செடியின் பட்டையையே நம் நாட்டு வைத்தியத்தில் காசநோய்க்குக் கொடுத்திருக்கிறார்கள் என்பது வேடிக்கையான பொருத்தம். வடமொழியில் இதற்கு விருட்சாதனி, அதாவது மரத்தைத் தின்பது, என்று ஒரு பெயர் உண்டு. ஆக, கிரேக்கச் சொல்லிலும் வடமொழியிலும் இதற்கு நல்ல பெயர் அமையவில்லை.

ஆனால் குருவிகளுக்கு இது விருந்து. நீண்ட குழல்போன்ற செம்மஞ்சள் பூவில் தேன்சிட்டு வளைந்த அலகை விட்டுத் தேன் குடிக்கும்போது மகரந்தம் அதன் தலையில் ஒட்டி அடுத்த பூவுக்குப் போகிறது. பழம் பழுத்ததும் வேறொரு வாடிக்கையாளர் வருகிறார்: மலர்க்கொத்தி. அலகிலிருந்து வால்வரை அளந்தால் சுமார் எட்டு சென்டிமீட்டர்தான். இந்தியாவின் மிகச் சிறிய பறவைகளில் ஒன்று. 'டிக், டிக்' என்ற ஓசை கேட்கும், ஆளைக் கண்டுபிடிப்பதுதான் கடினம். தேன்சிட்டும் மலர்க்கொத்தியும் புல்லுருவியின் பெருக்கத்துக்கு உதவும் விதத்தைக் கொங்கணப் பகுதியில் ஆராய்ந்து பறவையியலாளர் சாலிம் அலி 1931இல் விரிவாக எழுதினார். நீலகிரியில் சூழலியலாளர் பிரியா டேவிதார் செய்த ஆய்வுகளும் இந்த உறவைப் பற்றியவையே.

பழத்தின் சதைக்கும் விதைக்கும் இடையே விசின் என்ற பசை இருக்கிறது. பறவை பழத்தை விழுங்கிய சில நிமிடங்களிலேயே விதை வெளியே வந்துவிடுகிறது; ஆனால் எச்சமாகக் கீழே விழுவதில்லை. பசை பின்புறத்தில் நூலாகத் தொங்க, மலர்க்கொத்தி வேறு வழியின்றி உட்கார்ந்திருக்கும் கிளையிலேயே அதைத் தேய்த்துவிடுகிறது. விதை ஒட்டவேண்டிய இடமும் அதுதான். மண்ணில் விழுந்திருந்தால் அதற்குப் பிழைப்பில்லை.

இந்த விதைக்கு மேலுறை கிடையாது. உறக்கக் காலமும் கிடையாது. உள்ளேயே பச்சையம் வைத்திருப்பதால் வெளிச்சம் பட்டால் தானாகச் சிறிது உணவும் தயாரித்துக்கொள்ளும். எங்கே ஒட்டினாலும் முளைவிட்டுவிடும். மின்கம்பியில் ஒட்டிய விதைகூட முளைத்துத் துழாவிப் பார்த்துவிட்டுக் காய்ந்துபோகும். உயிருள்ள கிளையாக இருந்தால், முளையின் நுனி தட்டையாக விரிந்து பட்டைமீது அழுந்துகிறது. அந்தத் தட்டின் அடியிலிருந்து ஆப்புப்போல் இறங்கும் உறிஞ்சுவேர் பட்டையைத் துளைத்து, மரத்தின் நீர்க்குழாயான சைலத்தைத் தொடுகிறது. பிறகு கிளையின் மேற்பரப்பிலேயே வேர்கள் படர்ந்து, ஆங்காங்கே புதிய உறிஞ்சுவேர்களை இறக்குகின்றன.

இதை டெல்டாக்காரர்களுக்கு விளக்குவது எளிது. மரத்தின் சைலத்தை வாய்க்காலாக வைத்துக்கொள்ளுங்கள். இலைகளில் நீர் ஆவியாக ஆவியாக, அந்த இழுப்பில் வேரிலிருந்து நீர் மேலேறுகிறது. அதிகம் இழுக்கிறவருக்கு அதிகம் தண்ணீர். வெயில் உச்சிக்கு வந்தால் மாமரம் தன் இலைத்துளைகளை மூடிச் சிக்கனம் பிடிக்கும். நாம் முறை வைத்துப் பாசனம் செய்வதுபோல என்று சொல்லலாம். புல்லுருவிக்கு அந்த ஒழுங்கெல்லாம் கிடையாது. அது துளைகளைத் திறந்தே வைத்து, மரத்தைவிட வலுவாக நீரை இழுக்கிறது. வாய்க்காலின் பாதியில் ஒருவர் மடையை வெட்டிக்கொண்டால் கடைமடை வயல் காய்வதைப்போல, புல்லுருவிக்கு அப்பால் உள்ள கிளைநுனி மெலிந்து, காய்ப்பு நின்று, கடைசியில் பட்டுப்போகிறது. மொட்டை வாகையில் அந்தக் கொத்து மட்டும் பசுமையாக நிற்பதன் சூட்சுமம் இதுதான்.

இருந்தும் இது முழுத் திருடன் இல்லை, அரைத் திருடன். நீரையும் உப்புகளையும் மரத்திடமிருந்து எடுத்துக்கொண்டாலும் சர்க்கரையைப் பெரும்பாலும் தன் பச்சை இலைகளில் தானே சமைத்துக்கொள்கிறது. மா, வேம்பு, புங்கு, இலுப்பை, சப்போட்டா, கொய்யா என்று முன்னூறுக்கும் மேற்பட்ட தாவர வகைகளில் இது ஏறியிருக்கிறது. ஆனால் பட்டுக்கோட்டைப் பக்கம் மைல்கணக்கில் நிற்கும் தென்னையில் இதைத் தேடிப் பாருங்கள், கிடைக்காது. தென்னைக்கும் பனைக்கும் மாமரத்தைப்போல் பட்டைக்கடியில் வளையமாக ஓடும் கேம்பியம் என்ற வளர்திசு இல்லை. நீர்க்குழாய்களும் தண்டு முழுவதும் சிதறிக் கிடக்கின்றன. இறங்கி ஒட்டிக்கொள்ள வசதியான இடமே அங்கு இல்லை.

இனி மருந்துக்கு வருவோம். நாட்டு வைத்தியம் தெரிந்த பெரியவரிடம் புல்லுருவி என்று சொன்னால் உடனே திருப்பிக் கேட்பார்: "எந்த மரத்துப் புல்லுருவி?" ஆஸ்துமா, புண், மாதவிடாய்க் கோளாறு, மனக்கலக்கம் ஆகியவற்றுக்கு இதைப் பயன்படுத்தியிருக்கிறார்கள். சில பகுதிகளில் பட்டையைப் பாக்குக்குப் பதிலாக மென்றிருக்கிறார்கள். மாந்திரீகம் பேசுவோர் இன்னும் ஒரு படி மேலே போய், இன்ன நட்சத்திரத்தில் இன்ன மரத்துப் புல்லுருவியை எடுத்துவைத்தால் பணம் சேரும், வழக்கில் வெற்றி கிட்டும் என்பார்கள். அதை நம்ப எனக்கு மனமில்லை. ஆனால் "எந்த மரத்து" என்ற கேள்வியைத் தள்ளிவிட முடியாது. அதற்கு வேதியியலில் பதில் இருக்கிறது.

மரத்தின் சைலத்தில் ஓடுவது வெறும் தண்ணீர் இல்லை. மரம் உண்டாக்கும் சில சேர்மங்களும் அதில் கலந்து வரும். மடை வெட்டியவர் சேற்றையும் சேர்த்தே வாங்கிக்கொள்கிறார். அரளியின் மீது வளர்ந்த இதே இனத்தின் இலைகளில் இதயத்தைத் தாக்கும் அரளி நஞ்சு வகைச் சேர்மங்கள் கண்டறியப்பட்டிருக்கின்றன. 19ஆம் நூற்றாண்டில் ஒடிசாவின் கட்டாக் பகுதியில், எட்டி மரத்தில் வளரும் வேறொரு புல்லுருவி இனத்தின் இலைகளில் எட்டியின் கொடிய நஞ்சான ஸ்ட்ரிக்னினே இருந்தது தெரியவந்தது. அப்படியிருக்க, மாமரத்துப் புல்லுருவி என்று நம்பி வாங்கும் காய்ந்த இலைத்தூள் எங்கே பறித்தது என்று யார் சொல்வது? பொட்டலத்தில் அது எழுதியிருப்பதில்லை. கைவைத்தியமாக இதைக் கஷாயம் வைத்துக் குடிக்க நான் யாருக்கும் சொல்லமாட்டேன்.

தோப்புக்காரர்களுக்கு ஒரு வார்த்தை. துறட்டுக்கோலால் கொத்தை மட்டும் பிய்த்து எறிந்தால் பயனில்லை. கிளைக்குள் இருக்கும் மிச்சத்திலிருந்து மீண்டும் தழைக்கும். ஒட்டிய முடிச்சுக்குக் கீழே, மரத்தின் பக்கமாக ஒரு அடி தள்ளிக் கிளையையே அறுக்க வேண்டும். பழம் பழுப்பதற்குமுன் செய்தால் மலர்க்கொத்திக்கு வேலை இருக்காது. வெட்டிய தழையை ஆடு விரும்பித் தின்னும். அரளியில் இருந்து எடுத்ததை மட்டும் போட்டுவிடாதீர்கள்.

காய்க்கும் மாமரத்துக்கு இந்தக் கண்டிப்பு சரி. ஆற்றோரப் படுகையில் தானாக வளர்ந்து நிற்கும் புங்கனுக்கும் இதையே செய்ய வேண்டுமா என்பதில் எனக்கு வேறு கருத்து. ஆஸ்திரேலியாவில் சூழலியலாளர் டேவிட் வாட்சன் குழுவினர் சில காட்டுத் துண்டுகளிலிருந்து புல்லுருவிகளை முழுவதுமாக அகற்றிப் பார்த்தார்கள். மூன்று ஆண்டுகளில் அங்கே பறவை இனங்கள் சராசரியாக ஐந்தில் ஒரு பங்கு குறைந்துவிட்டன; முடிவு 2012இல் வெளியானது. நம் ஊரில் ஜெசபெல் என்ற பட்டாம்பூச்சி, சிறகின் அடிப்புறம் மஞ்சளும் சிவப்புமாக இருக்கும், முட்டையிடுவதற்குத் தேடி வருவது இந்த இலைகளைத்தான். எங்கள் கொல்லை மாமரத்தில் சென்ற தை மாதம் ஒரு கிளையை அறுத்தேன். வேலிப் புங்கனில் உள்ளதை விட்டுவைத்திருக்கிறேன். காலையில் அங்கிருந்துதான் அந்த 'டிக், டிக்' கேட்கிறது.