பபிள் டீக்குப் பழ ஜெல்லி: கட்டியாக இருப்பதால் கெடாது என்று நினைக்க வேண்டாம்

உணவுப் பதப்படுத்தல் பயிற்சிக்கு வருகிற பெண்கள் முன்பெல்லாம் ஊறுகாயைப் பற்றியும் சக்கை வற்றலைப் பற்றியும் (சக்கை என்றால் இங்கே பலா) கேட்பார்கள். இப்போது அதிகம் வருகிற கேள்வி பபிள் டீக்குப் போடுகிற பழ ஜெல்லியை எத்தனை நாள் வைத்திருக்கலாம் என்பது. பிள்ளைகள் போனில் பார்த்துவிட்டுக் கேட்கிறார்கள். கடையில் ஒரு கப் வாங்குகிற காசுக்கு வீட்டில் நாலு பேருக்குப் போட்டுக் கொடுத்துவிடலாம். கப்பின் அடியில் கிடந்து, தடித்த ஸ்ட்ராவால் டீயோடு உறிஞ்சுகிற கறுப்பு முத்து நமக்குப் புதிய பொருளும் இல்லை. தைவானில் 1980களில் பிறந்த பானம் என்றாலும், அந்த முத்து மரச்சீனி, அதாவது மரவள்ளி மாவில் செய்தது. திருவிதாங்கூரை ஆண்ட விசாகம் திருநாள் மகாராஜா காலத்திலிருந்தே நம் குமரிப் பக்கத்துத் தோட்டங்களில் ஊன்றி வருகிற அதே கிழங்குதான்.

வீட்டில் செய்வதை நான் ஆதரிக்கிறேன். சந்தையில் கிடைக்கிற பல ஜெல்லிகளில் பழத்தின் பெயரும் வாசனையும் இருக்கும், பழம் இருக்காது. ஆனால் ஞாயிற்றுக்கிழமை ஒரு தட்டு ஜெல்லி ஊற்றி வைத்து, அடுத்த சனிக்கிழமை வரை கொஞ்சம் கொஞ்சமாக வெட்டி எடுக்கிற வீடுகளும் இருக்கின்றன. ஏன் இப்படி என்று கேட்டால், "நல்லா கட்டியாட்டுதானே இருக்கு டீச்சர், கெட்டா போவும்?" என்று திருப்பிக் கேட்பார்கள்.

குழப்பம் எங்கிருந்து வருகிறது என்று எனக்குத் தெரியும். பயிற்சியில் நாங்களே சொல்லிக் கொடுக்கிற கொய்யா ஜெல்லி, போத்தலில் மாதக்கணக்கில் நிற்கும். அது வேறு சரக்கு. நம் நாட்டு விதிப்படி ஜாமிலும் அந்த வகை பழ ஜெல்லியிலும் கரைந்த திடப்பொருள் 65 சதவீதத்துக்குக் குறையக் கூடாது. அதில் பெரும்பகுதி சர்க்கரை. அவ்வளவு சர்க்கரை தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொள்வதால் கிருமிக்குக் குடிக்கத் தண்ணீர் கிடைக்காது. பபிள் டீக்குச் செய்கிற ஜெல்லியில் நூறு கிராமுக்கு ஒரு கிராம் கடல்பாசி, பத்துப் பதினைந்து கிராம் சர்க்கரை, மீதி முழுக்கத் தண்ணீரும் சாறும். சொல்லப்போனால் அது எழுந்து நிற்கிற பழச்சாறு. ஒரு தம்ளர் சாறை ஆறு நாள் வைத்துக் குடிப்பீர்களா?

இன்னொரு விஷயமும் உண்டு. கடல்பாசி, சைனா கிராஸ், அகர் அகர் என்று மூன்று பெயரில் கடையில் கிடைக்கிற இதே பொருளில்தான் ஆய்வுக்கூடங்களில் கிருமியை வளர்க்கிறார்கள். அந்த யோசனை அடுக்களையிலிருந்து போனது. 1881-ல் ஜெர்மனியில் ராபர்ட் கோக் என்ற கிருமியியல் அறிஞரின் ஆய்வுக்கூடத்தில் வால்தர் ஹெஸ்ஸே என்ற மருத்துவர் கிருமி வளர்க்க ஜெலட்டினைப் பயன்படுத்திப் பார்த்தார். வெயில் வந்தால் ஜெலட்டின் உருகியது. சில கிருமிகள் ஜெலட்டினையே தின்று கரைத்தன. அவர் மனைவி ஃபேனி ஹெஸ்ஸே, தான் வீட்டில் பழ ஜெல்லிக்குப் போடுகிற அகரைப் போட்டுப் பார்க்கச் சொன்னார். ஜாவாவில் இருந்துவிட்டு வந்த தெரிந்தவர்களிடம் அவர் கற்ற கைப்பக்குவம் அது. அகர் உருகவில்லை, பெரும்பாலான கிருமிகளால் அதைக் கரைக்கவும் முடியவில்லை. அடுத்த ஆண்டு காசநோய்க் கிருமி பற்றிய தன் கட்டுரையில் கோக் அகரைக் குறிப்பிட்டார். இன்றைக்கும் உங்கள் ஊர் லேபில் சிறுநீர் கல்ச்சருக்குக் கொடுத்தால், பெரும்பாலும் அகர் ஊற்றிய தட்டில்தான் வளர்த்துப் பார்ப்பார்கள்.

இதில் நமக்கு வேண்டிய சேதி ஒன்றுதான். ஜெல்லியில் இருக்கிற சாறையும் சர்க்கரையையும் கிருமி தின்னும், ஜெல்லியைக் கட்டியாக நிறுத்துகிற அகரைத் தின்னாது. அதனால் உள்ளே கிருமி பெருகினாலும் துண்டு அப்படியே விறைப்பாக நிற்கும். தயிர் புளித்தால் நாக்கு சொல்லும், மீன் கெட்டால் மூக்கு சொல்லும். ஜெல்லியை விரலால் அமுக்கிப் பார்ப்பதால் ஒன்றும் தெரியாது.

சரி, செய்கிற முறைக்கு வருவோம். அரை லிட்டர் ஜெல்லிக்குத் தூள் அகர் 5 கிராம், அதாவது தலைதட்டி இரண்டு டீஸ்பூன் அளவு. இழையாக வருகிற கடல்பாசி என்றால் பாக்கெட்டுக்குப் பாக்கெட்டு வலு மாறும். அரை மணி நேரம் ஊறவைத்து, காய்ச்சிய பிறகு ஒரு கரண்டி எடுத்துக் குளிர்ந்த தட்டில் விட்டுப் பாருங்கள். இரண்டு மூன்று நிமிடத்தில் இறுகி, விரலால் தள்ளினால் உடையாமல் நகர வேண்டும். தளதளவென்று இருந்தால் டீயில் போட்டதும் உடைந்து கலங்கிவிடும்.

அகரைக் கால் லிட்டர் தண்ணீரில் கலக்கி, கொதி வந்த பிறகும் மூன்று நான்கு நிமிடம் கிண்டிக்கொண்டே காய்ச்ச வேண்டும். இளஞ்சூட்டில் அது கரையாது. கரண்டியின் பின்பக்கத்தில் மணி மணியாக ஒட்டியிருந்தால் இன்னும் கரையவில்லை என்று பொருள். கரைந்ததும் சர்க்கரை. பக்கத்து அடுப்பில் கால் லிட்டர் வடிகட்டிய பழச்சாறைத் தனியாக ஒரு கொதி விட்டு இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். அகரை அடுப்பிலிருந்து இறக்கிய பிறகே இரண்டையும் சேர்க்க வேண்டும்.

ஏன் தனித்தனியாக? புளிப்புச் சாறோடு சேர்த்து அகரைக் கொதிக்கவிட்டால், புளிப்பு அகரின் இழைகளை அறுத்துவிடும். அப்புறம் எவ்வளவு நேரம் பிரிட்ஜில் வைத்தாலும் கூழாகத்தான் இருக்கும். பாஷன் ஃப்ரூட், எலுமிச்சை, அன்னாசி எல்லாவற்றிலும் இது நடக்கும். பயிற்சியில் "ஜெல்லி பிடிக்கவில்லை" என்று வருகிற புகாரில் பாதிக்கு மேல் இதுதான் காரணம். இன்னொரு பக்கம், சாறைக் காய்ச்சாமல் பச்சையாக ஊற்றினால், தோல் சீவிய கத்தியிலும் மிக்சி ஜாரிலும் இருந்த கிருமி அப்படியே உள்ளே போய் உட்காரும். தனியாக ஒரு கொதி விட்டால் இரண்டு பிரச்சினையும் தீரும். பாஷன் ஃப்ரூட்டின் மணம் கொஞ்சம் குறையும்தான், பரவாயில்லை. பிரிட்ஜிலிருந்து எடுத்த சாறை அப்படியே ஊற்றாதீர்கள். அகர் 40 டிகிரிக்குக் கீழே வந்தாலே இறுகத் தொடங்கும், குளிர்ந்த சாறு பட்டால் நூல் நூலாகத் திரிந்துவிடும். நம் ஊர்ச் சூட்டில்கூட மேசை மேலேயே ஜெல்லி பிடித்துக்கொள்ளும். பிடித்த பிறகு சுமார் 85 டிகிரிக்குப் போனால்தான் திரும்ப உருகும்.

ஜெலட்டின் அப்படியில்லை. குலசேகரம் பக்கம் ரப்பர் கன்றுகளுக்கு இடையே விளைகிற அன்னாசியை, அதுதான் நம் கைதச்சக்கையை, பச்சையாக அரைத்து ஜெலட்டினில் ஊற்றினால் அது பிடிக்கவே பிடிக்காது. ஜெலட்டின் புரதம், அன்னாசியில் இருக்கிற புரோமெலைன் புரதத்தை அறுக்கிற நொதி. பப்பாளிக்கும் அதே கதை. சாறைக் காய்ச்சிவிட்டால் நொதி செத்துவிடும் என்றாலும், ஜெலட்டின் ஜெல்லி நம் மத்தியான வெயிலில் தட்டிலேயே இளகும். போதாததற்கு அது மாட்டின் அல்லது பன்றியின் தோல், எலும்பிலிருந்து எடுப்பது. சைவம் சாப்பிடுகிறவர்களும், தவக்காலத்தில் இறைச்சி விலக்குகிறவர்களும், ஹலால் பார்க்கிறவர்களும் வருகிற வீட்டில் கடல்பாசியே நிம்மதி.

இனி, என் கண்ணில் அடிக்கடி படுகிற இடம். ஜெல்லியை அகலத் தட்டில் ஊற்றி, ஆறட்டும் என்று மூடாமல் ஃபேனுக்குக் கீழே வைப்பார்கள். பிடித்ததும் அப்படியே பலகையில் கவிழ்த்து, கையில் கிடைத்த கத்தியால் துண்டு போடுவார்கள். காலையில் சாளை மீன் வெட்டிய அதே பலகை. கழுவியிருப்பார்கள்தான், ஆனால் கத்தி கீறிய கோடுகளுக்குள் ஈரம் நிற்கும். மீன் குழம்பானால் அதன்பிறகு கொதிக்கிறது. ஜெல்லி அதன்பிறகு அடுப்புக்குப் போவதே இல்லை, நேரே வாய்க்குத்தான் போகிறது. தட்டு, கத்தி, பலகை மூன்றையும் கொதிநீரில் கழுவி, ஜெல்லிக்கென்று ஒதுக்கி வையுங்கள். பலகையே வேண்டாம், தட்டிலேயே குறுக்கும் நெடுக்குமாகக் கீறி எடுத்துவிடலாம். ஆவி அடங்கியதும் மூடி, பிடித்தவுடன் பிரிட்ஜுக்குள் போய்விட வேண்டும்.

எத்தனை நாள் என்ற கேள்விக்கு என் பதில் பழத்தைப் பொறுத்தது. பாஷன் ஃப்ரூட், எலுமிச்சை, அன்னாசி மாதிரி நல்ல புளிப்புப் பழமானால், 5 டிகிரிக்குள் குளிர்கிற பிரிட்ஜில் மூன்று நாள். மாம்பழம், சக்கைப்பழம், மட்டி வாழைப்பழம் என்றால் மறுநாளோடு முடித்துவிடுங்கள். 2023-ல் புவிசார் குறியீடு வாங்கிய மட்டிப்பழம் மணத்தில் அருமையானது, ஆனால் அதில் புளிப்பு இல்லை, ஜெல்லியில் சீக்கிரம் கறுக்கவும் செய்யும். எல்லோருக்கும் பிடித்த இளநீர் ஜெல்லிக்குத்தான் நான் அதிகம் பயப்படுவேன். இளநீரில் கிருமியைத் தடுக்கிற அளவுக்குப் புளிப்பே கிடையாது. பால் ஊற்றிய ஜெல்லியும் அப்படித்தான். இரண்டும் செய்த அன்றே தீர வேண்டும். எந்த ஜெல்லியானாலும் வெளியே இரண்டு மணி நேரத்துக்கு மேல் இருந்ததை, கரண்டு போய்ப் பிரிட்ஜ் வெகுநேரம் நின்றிருந்தால் அதில் இருந்ததையும், கொட்டிவிடுங்கள். தட்டில் தெளிந்த தண்ணீர் கசிவது கெட்டதன் அடையாளம் இல்லை, அகர் ஜெல்லியின் இயல்பு. வழவழப்பு, நுரை, கள்ளு வாடை வந்தால் யோசிக்கவே வேண்டாம். ப்ரீசரில் வைத்து நாளை நீட்டலாம் என்றால் அதுவும் நடக்காது. நீர் பிரிந்து ஸ்பாஞ்ச் ஆகிவிடும்.

ஐஸும் வீட்டில் காய்ச்சிய தண்ணீரில் உறைய வைத்ததாக இருக்கட்டும். குளச்சல், சின்னமுட்டம் மீன்பிடித் துறைமுகங்கள் இருக்கிற நம் மாவட்டத்தில் ஐஸ் கட்டிக்குப் பஞ்சமில்லை, ஆனால் அது மீனுக்கு உரியது. உண்ணத் தகாத ஐஸில் நீலச் சாயம் கலக்க வேண்டும் என்று விதியே இருக்கிறது.

நிறம் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. 2024 பிப்ரவரியில் பஞ்சு மிட்டாயில் ரோடமின் பி என்ற சாயம் கண்டுபிடிக்கப்பட்டுத் தமிழ்நாட்டில் தடை வந்தது எல்லோருக்கும் நினைவிருக்கும். பீட்ரூட், மஞ்சள், சங்குப்பூ இவை போதும். சங்குப்பூ நீலத்தில் எலுமிச்சை விட்டால் ஊதாவாக மாறும், பிள்ளைகளுக்கு அந்த வேடிக்கையே போதும்.

பிள்ளைகள் விஷயத்தில் கிருமியைவிட உடனடி ஆபத்து ஒன்று உண்டு. ஐரோப்பிய ஒன்றியம் 2003-ல் ஜெல்லி மிட்டாய்களில் கொன்ஜாக் என்ற கிழங்குப் பசையைத் தடை செய்தது. 2004-ல் சிறு கப் ஜெல்லிகளில் அகர் உட்படக் கடற்பாசிப் பசைகளையும் நிறுத்தியது. அகரில் விஷம் இருந்ததால் அல்ல. கப்பை வாயில் வைத்து ஒரே உறிஞ்சில் இழுக்கும்போது வழுக்கிக்கொண்டு போய்த் தொண்டையை அடைத்துவிடும் என்பதால்தான். பபிள் டீயின் தடித்த ஸ்ட்ரா செய்வதும் அதே வேலை. ஓடிக்கொண்டோ சிரித்துக்கொண்டோ உறிஞ்சினால் துண்டு நாக்கில் படாமலே உள்ளே பாயும். ஐந்து வயதுக்குள் இருக்கிற பிள்ளைக்கு முத்தும் வேண்டாம், ஸ்ட்ராவும் வேண்டாம். ஜெல்லியை முள்கரண்டியால் நன்றாக மசித்து, உட்காரவைத்து, ஸ்பூனால் கொடுங்கள். சாயாவுக்குப் பதில் பாலோ பழச்சாறோ போதும். பெரிய பிள்ளைகளுக்குத் துண்டு அரை விரல் அகலத்துக்கு மேல் வேண்டாம். பக்கவாதம் வந்தவர்களுக்கும் விழுங்கச் சிரமப்படுகிற முதியவர்களுக்கும் மருத்துவரைக் கேட்காமல் கொடுக்காதீர்கள்.

அடைத்துவிட்டால்: பலமாக இருமுகிற பிள்ளையை இரும விடுங்கள். சத்தமே வராமல், மூச்சு விட முடியாமல் திணறினால் முன்பக்கம் குனியவைத்துத் தோள்பட்டைகளுக்கு நடுவில் ஐந்து முறை பலமாகத் தட்டுங்கள். வராவிட்டால், ஒரு வயதுக்கு மேல் என்றால், பின்னால் நின்று தொப்புளுக்கு மேலே கை கோத்து உள்ளும் மேலுமாக ஐந்து முறை அழுத்துங்கள். இரண்டையும் மாற்றி மாற்றிச் செய்யும்போதே இன்னொருவர் 108-ஐ அழைக்கட்டும். கண்ணுக்குத் தெரியாததை விரல் விட்டுத் துழாவினால் இன்னும் உள்ளே போய்விடும்.

எந்த ஜெல்லி எதற்கு என்றும் கேட்பார்கள். புளிப்பு ஜெல்லியைப் பால் சாயாவில் போட்டால் பால் திரிந்துவிடும். பாஷன் ஃப்ரூட்டும் அன்னாசியும் ஐஸ் போட்ட கட்டன் சாயாவுக்கு, மாம்பழமும் சக்கையும் பால் சாயாவுக்கு. ஜெல்லியில் ஏற்கெனவே சர்க்கரை இருப்பதால் சாயாவில் பாதிச் சர்க்கரை குறைக்கலாம். கருப்பட்டி போட்டால் சர்க்கரை நோயாளிக்கு ஆகும் என்று நினைக்க வேண்டாம், அதுவும் சர்க்கரைதான்.

பள்ளி ஆண்டுவிழாவுக்கும் தேவாலயத்து அசன விருந்துக்கும் செய்து விற்கப் போகிறவர்கள் உணவுப் பாதுகாப்புத் துறையில் பதிவு எடுத்த பிறகே தொடங்குங்கள். கப் மூடியில் விலைக்குப் பக்கத்தில் ஜெல்லி செய்த தேதியையும் எந்தப் பழம் என்பதையும் எழுதி ஒட்டுங்கள். மீந்ததை மறுநாள் கப்பில் கலக்க வேண்டாம்.